முள்ளங்கித் துண்டைச் சத்தமில்லாமல் கடிப்பது

ஜப்பானின் நகோயா நகரத்தில் வேலை பார்த்த வருஷங்களில் என் பக்கத்து மேசைக்காரர் ஒரு புத்தர் கோயில் வீட்டுப் பிள்ளை. நம் ஊரில் குருக்கள் வீடு என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அது மாதிரி. கோயிலும் வீடும் ஒரே வளாகம். அப்பா தலைமைத் துறவி. அம்மா சமையலில் இருந்து, கல்லறைக்குப் பூ வைக்க வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுப்பது வரை எல்லாவற்றையும் பார்ப்பவர். "துறவிக்கு எப்படிப் பிள்ளைகள்?" என்று முதல் மாதமே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. இங்கே இது சாதாரணம் என்றார். அக்கா, அண்ணன், அப்புறம் இவர் என்று மூன்று பேர். அண்ணன் பயிற்சி மடத்துக்குப் போய் இருந்துவிட்டு வந்து கோயிலை ஏற்றுக்கொண்டார். இவர் கணினிப் பக்கம் வந்துவிட்டார்.

மூவரிலும் சூத்திரம் நன்றாக ஓதுகிறவர் அக்காதானாம். பள்ளிக்கூடத்தில் சேரும் முன்பே இருதய சூத்திரம் முழுவதும் மனப்பாடம். வருஷத் திதிக்கு அப்பா வீடு வீடாகப் போகும்போது கூடவே போய் மணி தட்டுவாராம். "அப்புறம் ஏன் அக்கா கோயிலை எடுத்துக்கொள்ளவில்லை?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கும் தோன்றவே இல்லை," என்றார்.

மறுநாள் ஒரு டிவிடியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். 'ஃபேன்சி டான்ஸ்' என்ற பழைய படம். "எங்கள் வீட்டுக் கதை இதுதான். பார்த்துச் சிரியுங்கள்." அன்று இரவே பார்த்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆனால் அக்காவைப் பற்றி அவர் சொன்ன அந்த ஒரு வரி கூடவே உட்கார்ந்து படம் பார்த்தது. இதற்குள் ஏழெட்டு முறை பார்த்திருப்பேன். ஒவ்வொரு முறையும் அந்த வரி கூட வருகிறது.

படம் 1989 டிசம்பரில் வெளியானது. இயக்கியவர் சுவோ மசாயுகி. பின்னால் 1996இல் 'ஷால் வி டான்ஸ்?' எடுத்து ஜப்பானுக்கு வெளியிலும் பேர் வாங்கியவர். கதை சின்னது. யோஹேய் என்ற இளைஞன் தோக்கியோவில் ஸ்கா இசைக்குழு ஒன்றில் பாடுகிறான். ஸ்கா ஜமைக்காவில் பிறந்த துள்ளல் இசை, கேட்டால் கால் தானாகத் தாளம் போடும். ஊரில் அவன் குடும்பத்துக்கு ஒரு கோயில் இருக்கிறது. அதை ஏற்க வேண்டுமானால் மடத்தில் பயிற்சி எடுத்தாக வேண்டும். தலையை மழித்துக்கொண்டு, காதலியை நகரத்தில் விட்டுவிட்டு, ஜென் மடத்தின் வாசலில் போய் நிற்கிறான்.

யோஹேயாக நடித்த மோத்தொகி மசாஹிரோ, 'ஷிபுகாகிதாய்' என்ற பாட்டுக் குழுவில் பள்ளிக்கூடப் பெண்களின் கனவு நாயகனாக இருந்தவர். அந்தக் குழு 1988இல்தான் கலைந்தது. அடுத்த வருஷமே அவர் மொட்டைத் தலையோடு திரையில் வந்தார். (2009இல் ஆஸ்கர் வாங்கிய 'டிபார்ச்சர்ஸ்' படத்தில் பிணத்தைக் குளிப்பாட்டி உடுத்திவிடும் இளைஞனாக வந்தவரும் இவரே. சாவுச் சடங்குக்கும் இவருக்கும் ஏதோ பொருத்தம் இருக்கிறது.) ஜப்பானிய பங்குச் சந்தை அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டதும் அதே 1989 டிசம்பர்தான். பணம் கொழித்த ஊரில், இருப்பதிலேயே அழகான பையனை எடுத்து முடியை மழித்துக் கஞ்சி குடிக்க வைத்த படம் என்று நினைத்துப் பார்த்தால், அன்றைய கொட்டகையில் கிடைத்த சிரிப்பின் சூடு கொஞ்சம் புரியும்.

நான் அதுவரை பார்த்திருந்த படங்களில் புத்தத் துறவி என்றால் ஒரே அச்சுதான். வெள்ளைப் புருவம், பாதி மூடிய கண், கதாநாயகனுக்கு ஒரு பொன்மொழி, பிறகு மூடுபனிக்குள் மறைந்துவிடுவார். மேற்கத்தியப் படங்கள் நமக்குப் பழக்கிவிட்ட முகம் அது. 'ஃபேன்சி டான்ஸ்' அந்த முகத்தை முதல் காட்சியிலேயே கழற்றி வைத்துவிடுகிறது. இங்கே துறவிகளுக்குப் பசிக்கிறது, தூக்கம் வருகிறது, கால் மரத்துப்போகிறது. காதலியிடம் பேச முடியாமல் தவிக்கிறார்கள். தகேனகா நாஒத்தோ நடித்திருக்கும் மூத்த துறவி புதியவர்களைப் பிரம்பும் கையுமாக விரட்டுகிறார், அவருக்கும் சபலங்கள் உண்டு. ஒருவர்கூட ஞானம் தேடி வந்தவராகத் தெரியவில்லை. பலருக்கு வேண்டியது சான்றிதழ்.

இது படத்துக்காகச் செய்த மிகை இல்லை. ஜப்பானில் பெரும்பாலான கோயில்கள் இன்று அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகின்றன. அதற்கு ஒரு தேதியே இருக்கிறது. 1872இல் மெய்ஜி அரசு ஓர் உத்தரவு போட்டது: துறவிகள் இறைச்சி தின்னலாம், திருமணம் செய்துகொள்ளலாம், முடி வளர்க்கலாம், அவரவர் விருப்பம். அதுவரை சட்டப்படி குற்றமாக இருந்தவை அதன் பிறகு அரசாங்கத்துக்குச் சம்பந்தமில்லாதவை ஆகிவிட்டன. பல மடங்கள் எதிர்த்துப் பார்த்தன. ஆனாலும் இரண்டு மூன்று தலைமுறைக்குள் கோயில் ஒரு குடும்பச் சொத்து மாதிரி ஆகிவிட்டது. சோத்தோ ஜென் பிரிவில் கோயிலை ஏற்க வேண்டியவர் எத்தனை காலம் மடத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் படித்த படிப்பைப் பொறுத்துக்கூட மாறும். புத்த சமயப் பல்கலைக்கழகத்தில் படித்திருந்தால் குறைவு, இல்லாவிட்டால் அதிகம். ஆக அந்த மடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் பையன்களில் பலர், நம் ஊரில் அப்பா கடையைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிடப்பட்ட பையன்கள் மாதிரியானவர்கள். படம் அவர்களை அப்படியே காட்டியது. புனிதர்களாகவும் காட்டவில்லை, போலிகளாகவும் காட்டவில்லை. எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு.

பிரதிநிதித்துவம் என்று பேச ஆரம்பித்தால் திரையில் யார் யார் முகம் தெரிகிறது என்று எண்ணத் தொடங்கிவிடுகிறோம். எண்ணத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கணக்கில் விட்டுப்போகிற ஒன்று உண்டு. யாருக்குத் திரையில் பசிக்கிறது? யார் தப்புச் செய்து மாட்டிக்கொண்டு அசடு வழிகிறார், அதற்குப் பிறகும் நமக்கு அவரைப் பிடிக்கிறது? ஒரு கூட்டத்தைக் கும்பிடுவதும் ஒரு வகையில் தள்ளி வைப்பதுதான். இந்தப் படம் அந்தப் பையன்களை நம் பக்கத்தில் உட்கார வைத்தது. அவர்களுடைய அக்கா தங்கைகளுக்கும் அப்படி ஓர் இடம் கிடைத்ததா என்பதுதான் எனக்கு விடாமல் உறுத்துகிற கேள்வி.

*

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்ததும் நகரத்துக்குக் கொஞ்சம் வெளியே ஒரு சின்னக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தியானத்துக்குப் போக ஆரம்பித்தேன். அதை நடத்துபவர் ஒரு பிக்குணி. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அக்கம்பக்கத்தார் 'ஆன்ஜு-சான்' என்று கூப்பிடுவார்கள். 'ஆன்' என்றால் குடில், குடிலின் தலைவி என்று பொருள். நகோயாப் பக்கத்தில் பிக்குணிகள் இருக்கும் சின்னக் கோயில்களில் இந்த வார்த்தையை அடிக்கடி கேட்கலாம்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, தியானம் முடிந்ததும் காலை உணவு. ஒரு துணி மூட்டையை என் முன்னால் வைத்து, எப்படி அவிழ்ப்பது என்று ஆன்ஜு-சான் காட்டினார். ஒன்றுக்குள் ஒன்று அடங்கிய கறுப்பு அரக்குக் கிண்ணங்கள், குச்சிகள், ஒரு மரக் கரண்டி, நுனியில் துணி தைத்த ஒரு சின்ன மரத் தகடு. முடிச்சை அவிழ்த்து, துணியின் மூலைகளை மடித்து, கிண்ணங்களைச் சத்தம் கேட்காமல் ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைக்க வேண்டும். பெரிய கிண்ணத்தில் கஞ்சி. இன்னொன்றில் உப்பும் எள்ளும் கலந்த பொடி. கடைசிக் கிண்ணத்தில் மஞ்சள் நிற ஊறுகாய் முள்ளங்கி, தகுவான், இரண்டே துண்டு.

கஞ்சி எனக்குப் பழகினதுதான். முள்ளங்கியில்தான் மாட்டிக்கொண்டேன். சாப்பிடும்போது சத்தம் வரக்கூடாது. ஆனால் தகுவானைப் போல் மொறுமொறுப்பான பொருள் உலகத்திலேயே கிடையாது. வாயில் போட்டு, கன்னத்துக்குள் ஒதுக்கி, எச்சிலில் ஊற வைத்து, கடைவாய்ப் பல்லை மெதுவாக அமுக்கினேன். 'மொறுக்' என்று கூடம் முழுக்கக் கேட்டது. எதிரே உட்கார்ந்திருந்த ஆன்ஜு-சானின் தோள் குலுங்கியது. அவர் வாயைத் திறக்கவில்லை, கண்ணை நிமிர்த்தவும் இல்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது.

இரண்டாவது துண்டை வைத்துக்கொள்ள வேண்டும் என்று பக்கத்தில் இருந்த அம்மாள் சைகை காட்டினார். கடைசியில் கிண்ணத்தில் வெந்நீர் வரும். அந்த முள்ளங்கியைக் குச்சியில் பிடித்துக் கஞ்சி ஒட்டியிருக்கும் இடமெல்லாம் தேய்த்து, தின்று, தண்ணீரைக் குடித்துவிட வேண்டும். கிண்ணம் சுத்தம், வீணாய்ப் போனது எதுவும் இல்லை. எங்கள் அப்பாயி குழம்புச் சட்டியில் சோற்றைப் போட்டு வழித்துச் சாப்பிடுவது நினைவுக்கு வந்தது.

சாப்பாடு முடிந்து பேசலாம் என்று ஆனதும், அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "பார்த்திருக்கிறேனாவா?" என்று சொல்லிவிட்டு எழுந்து தேநீர் போடப் போனார். மீதியை அப்புறம் சொல்கிறேன்.

*

படத்தில் பெண்களே இல்லை என்று சொன்னால் அது பொய். இன்னும் சொன்னால், இந்தப் படம் பிறந்ததே ஒரு பெண்ணின் கையில். மூலம் ஒகானோ ரெய்கோ வரைந்த மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை. 1980களில் பெண்களுக்கான 'புச்சி ஃபிளவர்' இதழில் தொடராக வந்தது, ஷோகாகுகன் மங்கா விருதும் வாங்கியது. மடத்தின் பசியையும் குளிரையும் மொட்டைத் தலைகளையும் ஒரு பெண் உட்கார்ந்து வரைந்தார், அதைப் பெண்கள் வாசித்தார்கள். அழகான ஆண்களைப் பெண் வரைந்து பெண்கள் ரசிப்பது ஜப்பானியப் பெண்கள் மங்காவில் வேரூன்றிய மரபு. அந்தக் கண்ணோட்டம் மடத்துக்குள் நுழைந்தபோது அங்கிருந்த ஆண்கள் கொஞ்சம் இளகிப்போனார்கள் என்று நினைக்கிறேன். அதிகாரமாகத் தெரிய வேண்டிய அங்கி, அவர் கையில் எப்படி மடிகிறது, எப்படி அசைகிறது என்று பார்க்கத் தோன்றும் துணியாகிவிட்டது.

படத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. மடத்தில் ஒரு பேரழகான இளம் துறவி வருகிறார். அமைதியானவர், எட்டாத உயரத்தில் இருப்பவர் போன்ற தோற்றம். அந்த ஆண் துறவியாக நடித்திருப்பவர் கோதா மியாகோ என்ற பெண். மாடலாக இருந்தவர், 'டிப் இன் த பூல்' என்ற இசைக்குழுவின் பாடகி. முதல் முறை பார்த்தபோது எனக்குத் தெரியாது. நண்பர் சொன்ன பிறகு திரும்பப் போட்டுப் பார்த்தேன். படம் அதை ஒரு ரகசியமாகவோ திருப்பமாகவோ வைத்துக்கொள்ளவே இல்லை. அவர் துறவி, அவ்வளவுதான்.

ஜப்பானிய ரசிகர்களுக்கு இது அந்நியமும் இல்லை. தகராசுகா நாடகக் குழுவில் 1914 முதல் எல்லா ஆண் வேஷங்களையும் பெண்களே கட்டுகிறார்கள். கபுகியில் 1629இல் பெண்களுக்குத் தடை வந்த பிறகு பெண் வேஷங்கள் ஆண்களிடம் போயின. மேடையில் ஆண் பெண் மாறுவது அங்கே பழைய சங்கதி. ஆனாலும் மடத்தின் மிகச் சிறந்த துறவி யார் என்று காட்ட வேண்டிய இடத்தில் ஒரு பெண்ணின் முகத்தைக் கொண்டுவந்து வைத்ததை வெறும் அலங்காரம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. அந்த அங்கிக்குள் ஒரு பெண் நிற்க முடியும், நின்றால் இப்படித்தான் இருக்கும் என்று கண்ணுக்குக் காட்டிவிட்டது படம். ஆனால் கதைக்குள் அவரை ஆண் என்றே அழைத்துவிட்டது. அதுதான் என் ஆதங்கம்.

சுவோ இந்தக் கேள்வியை அத்தோடு விட்டுவிடவில்லை. அடுத்து 1992இல் அவர் எடுத்த படம் கல்லூரி சூமோ அணியைப் பற்றியது. அதில் வெளிநாட்டு மாணவன் ஒருவன் பின்புறம் தெரியக் கோவணம் கட்ட மாட்டேன் என்று அடம்பிடிக்கிறான். கடைசிப் போட்டிகளில் ஆள் குறையும்போது ஒரு பெண் ஆண் வேஷத்தில் வளையத்துக்குள் இறங்கிவிடுகிறாள். தொழில்முறை சூமோ வளையத்தில் பெண்கள் காலை வைக்கவே கூடாது என்ற விதி இன்றும் இருக்கிற நாடு அது. மடத்தில் வேஷத்துக்குள் மறைந்திருந்த பெண்ணை, சூமோவில் வேஷம் என்று தெரியவே இறக்கிவிட்டார். அந்தப் பெண்ணுக்கு இந்தச் சூமோ படத்தில் சிரிக்க வைக்கவும் கிடைத்தது, அழ வைக்கவும் கிடைத்தது.

*

சோத்தோ ஜென்னை ஜப்பானுக்குக் கொண்டுவந்த தோகென், 1244இல் இன்றைய ஃபுகுய் மாவட்டத்து மலைகளுக்கு நடுவே ஒரு மடத்தை நிறுவினார். அதுதான் பின்னால் எய்ஹெய்ஜி என்று பெயர் பெற்றது. இப்போதும் அங்கே போகும் புதிய துறவி, வாசலில் தொங்கும் மரப்பலகையைச் சுத்தியலால் மூன்று முறை தட்டிவிட்டு, உள்ளே இருந்து ஆள் வரும்வரை குளிரில் நிற்க வேண்டும். அந்தப் பலகையைத் தட்டக் காத்து நிற்பவர்கள் ஆண்கள்.

அந்த மடத்தைக் கட்டுவதற்கு நான்கு வருஷம் முன்பு, 1240இல், தோகென் 'ரைஹாய் தோகுசுய்' என்று ஒரு கட்டுரை எழுதினார். தர்மத்தை உணர்ந்தவர் யாராக இருந்தாலும், பெண்ணானாலும், ஏழு வயதுக் குழந்தையானாலும், வணங்கிக் கற்றுக்கொள் என்பது அதன் சாரம். அதில் ஓர் இடத்தில், ஜப்பானில் சிரிக்கத்தக்க விஷயம் ஒன்று இருக்கிறது என்று ஆரம்பிக்கிறார். என்ன அது? எல்லை வகுத்துப் பெண்களை உள்ளே விடாத புனித இடங்கள். இதைவிட அசட்டுத்தனம் உண்டா என்று பக்கம் பக்கமாகக் கேட்கிறார்.

இதை முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மடத்து வாழ்க்கையைப் பற்றிய நகைச்சுவை எதைப் பற்றி இருக்க வேண்டும் என்று எழுநூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே நிறுவனர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் அந்தப் பகுதி எல்லாப் பிரதிகளிலும் இடம்பெறவில்லை. மடத்துக்குள் தனியாகப் பாதுகாக்கப்பட்ட ஒரு தொகுப்பில்தான் இருந்தது. பெரும்பாலோர் கண்ணில் படாமலே நூற்றாண்டுகள் போய்விட்டன.

துறவிகள் திருமணம் செய்யலாம் என்ற உத்தரவு வந்த அதே 1872இல், அதற்குச் சுமார் ஒரு மாதம் முன்னால், கோயில்களிலும் புனித மலைகளிலும் பெண்களுக்கு இருந்த தடையை நீக்கியும் ஓர் உத்தரவு வந்தது. முதல் கதவு திறந்ததும் ஆண்கள் முழுதாகப் போய்விட்டார்கள். இரண்டாவது கதவு இன்றும் பாதிதான் திறந்திருக்கிறது. நாரா மாவட்டத்து ஓமினே மலையின் பாதையில் பெண்கள் இதற்கு மேல் வரக்கூடாது என்ற பலகை இப்போதும் நிற்கிறது.

பிக்குணிகள் யாரும் கொடுப்பார்கள் என்று காத்திருக்கவில்லை. 1903இல் மிசுனோ ஜோரின் என்பவரும் இன்னும் மூன்று பிக்குணிகளும் சேர்ந்து நகோயாவில் தங்களுக்கென்று ஒரு பயிற்சி மடம் தொடங்கினார்கள். ஆண் துறவிகளுக்குக் கிடைத்த படிப்பும் தகுதியும் தங்களுக்கும் வேண்டும் என்று அரை நூற்றாண்டு வாதாடி, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் விதிகளில் சமநிலை வாங்கினார்கள். அந்த மடத்துக்கு 1976இல் தலைமையேற்ற ஆஒயாமா ஷுந்தோ ஐந்து வயதிலேயே கோயிலுக்குக் கொடுக்கப்பட்டவர். இன்னொரு முரண்பாடும் உண்டு. ஆண் துறவிகள் கல்யாணம் செய்துகொண்டு குடும்பமாகிவிட்டார்கள். பிக்குணிகளில் பெரும்பாலோர் தலையை மழித்து, மணம் செய்யாமல், பழைய விரதங்களைக் காத்தார்கள். துறவு என்ற சொல்லுக்கு நெருக்கமாக வாழ்ந்தவர்கள் அவர்கள்தான். துறவியைப் பற்றிய படங்களில் ஆளைக் காணோம்.

கோயில் வீட்டு அம்மாக்கள் இருக்கிறார்களே, என் நண்பரின் அம்மா மாதிரி, அவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மடத்தில் ஒரு வருஷம் இருந்த மகனுக்கு ஒரு முழுப் படம் கிடைக்கிறது. கோயிலை நாற்பது வருஷம் பெருக்கித் துடைத்த அம்மா அதில் எத்தனை நிமிஷம் வருகிறார்? அக்காக்களின் கதை இன்னும் பழகிய கதை. மகன் இல்லாத கோயில் என்றால் மகளுக்கு ஒரு துறவி மாப்பிள்ளை பார்த்து, அவரை வீட்டோடு தத்தெடுத்து, அவர் பேரில் கோயிலைக் கொடுத்துவிடுவார்கள். சூத்திரம் தெரிந்தவள் தேநீர் தட்டைத் தூக்குவாள்.

தமிழில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று ஞாபகம் வந்திருக்கும். நமக்கு முழுதாகக் கிடைத்திருக்கும் ஒரே பௌத்தக் காப்பியத்தின் நாயகி ஒரு பெண் துறவி. கையில் அமுதசுரபி, வேலை ஊருக்குச் சோறு போடுவது. மணிமேகலையை மனதில் வைத்துக்கொண்டு ஜப்பானியக் கதைகளுக்குள் போனதால்தானோ என்னவோ, பிக்குணிகள் இல்லாத மடம் எனக்கு ஆரம்பம் முதலே பாதி மடமாகத் தெரிந்தது.

*

இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. சிரிப்புக்கு இடமில்லாத விஷயம் இது.

ஜப்பானில் தோல் பதனிடுவது, மாடு அறுப்பது போன்ற தொழில்களில் இருந்தவர்களைத் தனிக் குடியிருப்புகளில் ஒதுக்கி வைத்தார்கள். புராகு மக்கள் என்று சொல்வார்கள். 1871இல் சட்டம் அந்தப் பிரிவினையை நீக்கியது. வழக்கம் நீங்கவில்லை. அங்கே ஒருவர் இறந்தால் கோயிலில் புது தர்மப் பெயர் ஒன்று கொடுத்துக் கல்லறையில் பொறிப்பார்கள். புராகு மக்களுக்கு அந்தப் பெயருக்குள் மிருகம், தோல் என்று பொருள்படும் எழுத்துகளைச் சேர்த்து எழுதிய கல்லறைகள் ஊர் ஊராக இருந்தன. எழுதியவர்கள் துறவிகள். பல பிரிவுகளில் நடந்தது, சோத்தோவிலும் நடந்தது. 1979இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் கூடிய உலக சமய மாநாட்டில், சோத்தோவின் அன்றைய நிர்வாகத் தலைவர், ஜப்பானில் அப்படிப்பட்ட பாகுபாடே இல்லை என்று பேசினார். புராகு அமைப்புகள் விடவில்லை. அவர் பின்னர் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. சோத்தோ பிரிவு தன் கல்லறைகளையும் ஏடுகளையும் தோண்டிப் பார்த்து, தவறை ஒப்புக்கொண்டு, மனித உரிமைக்கென்று தனிப் பிரிவே தொடங்கியது.

இந்த மன்னிப்பும் தேடலும் நடந்தது 1980களில். அதே வருஷங்களில்தான் ஒகானோ ரெய்கோவின் மங்கா பெண்களின் கைப்பைகளில் இருந்தது, படமும் தயாரானது. அந்தப் படம் இதைப் பேசியிருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஓர் இளைஞனின் ஒரு வருஷத்துக் கதை, எல்லாப் பாரத்தையும் தூக்க முடியாது. ஆனால் கோயில் ரத்த வழியில் போகும் சொத்து என்பதை வைத்துத்தான் முழு நகைச்சுவையும் ஓடுகிறது. அதே ரத்தக் கணக்கு இறந்தவர்களின் பெயருக்குள் என்ன செய்தது என்று தெரிந்த பிறகு, "நான் கோயில் வீட்டுப் பையன்" என்ற வசனம் எனக்கு முன்பு போல் லேசாகக் கேட்கவில்லை. சுடுகாட்டிலும் சாதி பார்ப்பது நமக்குத் தெரியாததா? அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கியது சாதியில் இருந்து வெளியேறும் வழியாகப் புத்தரைக் கண்டதால். அதே புத்தரின் பெயரால் இன்னோர் ஊரில் கல்லில் சாதியைப் பொறித்திருக்கிறார்கள். அந்தக் கல்லறைகளின் படத்தை முதலில் பார்த்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

வெளியாள் ஒருவர் உள்ளே வந்தால் மடம் என்ன செய்யும் என்பதற்கு நல்ல உதாரணங்களும் உண்டு. மோரா ஓ'ஹாலொரன் என்ற ஐரிஷ் அமெரிக்கப் பெண் 1979இல் ஜப்பானுக்கு வந்து, தோக்கியோவிலும் இவாத்தே மாவட்டத்திலும் ஆண் துறவிகளோடு சேர்ந்து பயிற்சி எடுத்தார். வட ஜப்பானின் பனியில் ஓலைச் செருப்போடு பிச்சைக்குப் போனவர். 1982இல் ஊர் திரும்பும் வழியில் தாய்லாந்தில் நடந்த பேருந்து விபத்தில் இறந்தார். வயது 27. இவாத்தே கோயிலில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். ஹியோகோ மலைகளில் இருக்கும் அந்தைஜி மடத்துக்கு 2002 முதல் 2020 வரை பெர்லினில் பிறந்த முஹோ நோல்கே தலைவராக இருந்தார். அங்கே ஆணும் பெண்ணும் ஒன்றாக நெல் நட்டு, ஒன்றாகத் தியானம் செய்கிறார்கள். மடம் அப்படியும் இருக்கலாம் என்று தெரிகிறது.

*

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். ஆன்ஜு-சான் தேநீரோடு வந்து உட்கார்ந்தார்.

படம் வெளியானபோது அவருக்கு நாற்பது வயது இருக்குமாம். கூடப் பயிற்சி எடுத்த சிநேகிதி, அவரும் பிக்குணி, "வா, போய்ப் பார்க்கலாம்" என்று இழுத்துக்கொண்டு போனார். கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். கொட்டகையில் ஹீட்டர் சூடு தாங்கவில்லை, பாதியில் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள். பையன்கள் கால் மரத்துக் கீழே விழும் காட்சியில் இரண்டு பேருக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "திரையில் மொட்டைத் தலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள், எங்கள் மொட்டைத் தலையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார்," என்றார்.

"அவர் கும்பிட்டதும் நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"பதிலுக்குக் கும்பிட்டேன். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன். டிக்கெட் காசு கொடுத்தது நானும்தானே, இன்றைக்கும் எனக்கு அது வருத்தம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார். பயிற்சி மடத்தில் முதல் குளிர்காலம். இரவில் பசி தூங்க விடாது. குளியலறை வெந்நீர் அடுப்புக்குக் காவல் இருக்கும் முறை வந்தால் அதுதான் அதிர்ஷ்டம். அவரும் இன்னும் மூன்று பேரும் யாரோ கொடுத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சாம்பலுக்குள் புதைத்து வைத்தார்கள். குளியலறை மடத்தில் பேசக்கூடாத மூன்று இடங்களில் ஒன்று. மற்றவை தியானக் கூடமும் கழிப்பறையும். நால்வரும் ஒரு வார்த்தை பேசாமல் அடுப்பைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். கிழங்கு வெந்து வாசம் கிளம்பியது. வாசத்துக்கு மௌன விதி கிடையாதே. நடைவழியில் காலடிச் சத்தம். கதவு திறந்தது. மூத்த பிக்குணி நின்றுகொண்டிருந்தார்.

"அடி விழுந்ததா?"

ஆன்ஜு-சான் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, வலது கையை என் முன்னால் நீட்டினார். உள்ளங்கை மேலே பார்த்தபடி, விரல்கள் சேர்ந்து, ஒரு வார்த்தையும் இல்லாமல். அந்த மூத்த பிக்குணி அப்படித்தான் நின்றாராம், பெரிய துண்டாகக் கொடுங்கள் என்பது போல.

இந்த முறை தோள் மட்டும் குலுங்கவில்லை. அவர் வாய்விட்டுச் சிரித்தார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாள் என்ன ஆயிற்று என்று ஈரக் கையோடு உள்ளே எட்டிப் பார்த்தார்.